விட்டுப்போன 118 கிலோமீட்டர்

என் துணி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கிறது. 18 வாரம், வாரத்துக்கு ஏழு கட்டம். முதல் ஒன்பது வாரமும் நீல மையில் டிக் வரிசையாக ஓடும். பத்தாவது வாரத்திலிருந்து கட்டங்கள் காலி. காலியாகக் கிடந்தவற்றில் அக்கா மகள் கலர் பென்சிலால் பூனை முகம் வரைந்து வைத்திருக்கிறாள், மொத்தம் எட்டுப் பூனை. பதிமூன்றாவது வாரத்தில் மறுபடி டிக், இம்முறை சிவப்பு மையில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. அந்த வரிசையின் ஓரத்தில் 118 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். அந்த எண்ணால்தான் என் முதல் மாரத்தான் போனது. கட்டின பணமும் போனது, ஏறக்குறைய மூன்று மாதம் ஓடவும் முடியாமல் போனது.

பண்டிகைக் காலத்தில் பயிற்சி கெட்டுப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். கெட்டுப்போன பிறகு என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயிற்சியாளர் கிடையாது, ஓட்டக் குழு எதிலும் நான் இல்லை. இணையத்தில் ஒரு பயிற்சி அட்டவணை எடுத்து, அச்சடித்து, ஒட்டி, ஓட ஆரம்பித்தவள். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம்: இரண்டு ஈஸி ரன் (நிதானமான ஓட்டம்), ஒரு வேக ஓட்டம், வாரக் கடைசியில் ஒரு லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்). ஒன்பதாவது வாரத்தில் 22 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தபோது, இது நடந்துவிடும் என்று முதல்தடவையாகத் தோன்றியது. அதுவரை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆபீசில் இரண்டு பேரிடம் சொன்னேன். அடுத்த வாரம் விடுமுறை தொடங்கியது.

விடுமுறைக்கு முன்பே எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. வீட்டுக்காரரின் பெற்றோர் வீட்டில் மூன்று வாரம். உறவு மொத்தமும் அங்கே கூடும். ஆர்வம் குறைந்துவிடக் கூடாது என்று நான் செய்ததெல்லாம் பணம் செலவழிக்கும் காரியங்கள். ஏற்கெனவே இருந்த ஷூ நன்றாக இருக்கும்போதே புதிதாக இன்னொரு ஜோடி வாங்கினேன். அங்கே பக்கத்தில் ட்ரெட்மில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் ஒரு மாதத்துக்குக் கட்டணம் கட்டினேன், ஒரு மாதத்துக்குக் குறைந்து சேர முடியாது என்றார்கள். படுக்கப் போகுமுன் ஓட்டக்காரர்களின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கூடத்துக்கு நான் போனது ஒரே ஒரு நாள். எனக்கு நேரம் கிடைத்த நாளெல்லாம் அவர்களுக்கும் விடுமுறை, கதவில் பூட்டு. சேரும்போதே எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். விடுமுறைக்காகப் பணம் கட்டும் எதற்கும் இதுதான் முதல் கேள்வி. எனக்கு இது பூட்டின கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

முதல் செவ்வாய் விட்டுப்போனது நியாயமான காரணத்தால், ராத்திரி முழுக்கப் பயணம். புதன்கிழமை விடிகாலை ஐந்துக்கு அலாரம் வைத்தேன். எழுந்தும் விட்டேன். ஆனால் ஷூ இருந்த அறையில் மாமா ஒருவர் படுத்திருந்தார். இருட்டில் கை நீட்டித் துழாவினால் அவர் காலில் படுகிறது. வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பதினோரு பேர் தூங்குகிறார்கள். வாசற்கதவின் கீல் எண்ணெய் கண்டு வருஷமாகியிருக்கும், திறந்தால் ஊரே எழுந்துகொள்ளும். கதவருகே கையில் சாவியோடு அஞ்சு நிமிஷம் நின்றேன், திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். தூக்கமும் வரவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நிஜத்தில் என் பயிற்சியை முறித்தது இப்படிப்பட்ட அற்ப விஷயங்கள்தான், மன உறுதிக் குறைவெல்லாம் இல்லை. மறு வருஷம் நான் முதலில் செய்தது அந்தக் கீலுக்கு எண்ணெய் விட்டது. ஷூ, சாக்ஸ், வாட்ச், சாவி எல்லாம் ஒரு பையில் போட்டு ராத்திரியே வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன். ஓடும் உடையைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். எழுந்ததற்கும் தெருவில் கால் வைத்ததற்கும் நடுவில் மூன்று நிமிஷம்தான் ஆனது.

முதல் வருஷத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை எப்படியோ கிளம்பி 7 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா, "யாரும்மா துரத்துறாங்க, இந்த ஓட்டம் ஓடுறே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போனால் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுப்படியில் பாதி வேலை முடிந்திருந்தது. அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. விடுமுறை என்பது வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை, கூட்டம் கூடினால் பெண்களுக்கு வேலைதான் கூடும். ஓடப் போனால் அடுப்படியை நினைத்துக் குற்ற உணர்ச்சி, அடுப்படியில் நின்றால் அட்டவணையை நினைத்துக் குற்ற உணர்ச்சி. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி இருந்தேன். கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே வார நாள்களில் வீட்டை விட்டுக் கப்டகாட் முகாமில் தங்கிப் பயிற்சி செய்வார், வாரக் கடைசிக்குத்தான் குடும்பத்திடம் போவார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். 2019-ல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடிக் காட்டினவர். அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி அந்த வீடியோ மணிக்கணக்கில் பேசியது. எனக்கு அந்த முகாம்தான் கண்ணில் பட்டது. அந்த மாதிரி வீடியோக்கள் எனக்கு ஊக்கம் தரவே இல்லை, ஏக்கம்தான் மிஞ்சியது. அதைவிட மோசம் ஓட்டச் செயலி. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாம் பண்டிகை அன்றைக்கே 28, 30 என்று ஓடிப் படம் போட்டிருப்பார்கள். அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டு அதைப் பார்ப்பேன். மறு வருஷம் அந்த மூன்று வாரமும் செயலியை போனிலிருந்தே எடுத்துவிட்டேன். வாட்ச் தானாகப் பதிவு செய்துகொள்ளும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மிகத் தாமதமாகச் செய்தது இது. வீட்டில் யாரிடமும் நான் முன்கூட்டிப் பேசவில்லை. மாரத்தான் ஓடப் போகிறேன் என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. காலையில் காணாமல் போகிறாள், வியர்த்து விறுவிறுத்து வருகிறாள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். மறு வருஷம் போன முதல் நாளே மாமியாரிடம் உட்கார்ந்து சொன்னேன்: "அத்தை, வாரத்துல ரெண்டே நாள், காலையில ஏழரை வரைக்கும் நான் இருக்க மாட்டேன். மத்த நேரமெல்லாம் உங்க கூடத்தான்." அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "எந்தெந்த நாள்?" நாளைச் சொன்னேன். அந்த இரண்டு நாளும் காலை வேலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு, அவரும் பார்த்துக்கொண்டார், ஒரு நாள் பால் பொங்கி வழிந்ததைத் தவிர. நாளும் நேரமும் தெரிந்துவிட்டால் மனிதர்கள் எவ்வளவோ விட்டுக்கொடுக்கிறார்கள். தினமும் காலையில் ஓடலாமா வேண்டாமா என்று நான் மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்த முதல் வருஷம், என்னோடு சேர்ந்து வீடும் ஆடியது.

சரி, அந்த மூன்று வாரக் கணக்கு இதுதான். அட்டவணைப்படி 12 ஓட்டம், 140 கிலோமீட்டர். நான் ஓடியது நான்கு தடவை: 7, 6, 5, 4. குறைந்துகொண்டே போவதைப் பாருங்கள். மொத்தம் 22. நடுவில் ஒரு நாள் எடைபார்க்கும் எந்திரத்தில் ஏறி வேறு தொலைத்தேன், ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தது. அலறிப்போய்ச் சாப்பாட்டைக் குறைத்தேன். விருந்து வீட்டில் சாப்பிடாமல் இருப்பது ஓடப் போவதைவிடப் பெரிய பஞ்சாயத்து. அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை என்று பிறகுதான் படித்தேன். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டம் குறைந்து, சாப்பாடு கூடி, உப்பும் கூடினால் எடை மளமளவென்று ஏறத்தான் செய்யும், பழைய வழக்கத்துக்கு வந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். இதற்குப் பயந்து பட்டினி கிடந்தால், திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது கிடைக்காது. நான் அப்படி அரைப்பட்டினியோடுதான் வீடு திரும்பினேன்.

வீடு வந்து அலமாரியைத் திறந்தால் எட்டுப் பூனை என்னைப் பார்த்துச் சிரித்தது. விடுமுறைக் கடைசியில் அக்கா குடும்பம் எங்களோடு வந்து இரண்டு நாள் தங்கியிருந்தார்கள், அப்போது நடந்த கைவரிசை. குழந்தை மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. பேனாவை எடுத்து 140-லிருந்து 22-ஐக் கழித்தேன். 118. மாரத்தானுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, மூன்று வாரத்தில் இந்தக் கடனை அடைத்துவிடலாம், வாரத்துக்கு நாற்பது கூடுதலாக ஓடினால் போதும் என்று கணக்குப் போட்டேன். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்டுகிறவள் மாதிரி ஒரு வைராக்கியம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த வாரத்தில் எனக்கு இருந்த உற்சாகம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. உற்சாகம் குறையக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டேனே, அது கூடினபோதுதான் கால் கெட்டது.

பதிமூன்றாவது வாரம் தொடர்ந்து ஆறு நாள் ஓடினேன். 71 கிலோமீட்டர். அதில் ஒன்று 26 கிலோமீட்டர் லாங் ரன், ஒன்று முழு வேகத்தில் இன்டர்வல், அதாவது விட்டு விட்டு வேகமாக ஓடுவது. மூச்சு வாங்கவில்லை, இதயத் துடிப்பும் மூன்றாம் நாளிலேயே பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பார்த்தாயா, ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என்னை ஏமாற்றியது அதுதான். ஓட்டத்தை நிறுத்தினால் சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். மறுபடி ஓடத் தொடங்கினால் அது சீக்கிரமே திரும்பிவிடும். எலும்பு அப்படியில்லை. சுமை விழ விழப் பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் வேலை அதற்கு மாதக் கணக்கில் நடக்கிறது. கரைத்த இடத்தில் புதிது இறுகுவதற்குள் இன்னும் சுமை ஏற்றினால் அந்த இடம் பலவீனமாகவே நிற்கும். மூச்சு தயார் என்கிறது, எலும்பு இன்னும் தயாராகவில்லை, நமக்குக் கேட்பது மூச்சு மட்டும்தான்.

ஆறாம் நாள் இடது முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்குச் சற்று மேலே, காலெலும்பின் உள் விளிம்பில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், இரண்டு கிலோமீட்டர் போனால் மறைந்துவிடும். மறைகிறதே என்று ஓடினேன். பதினாலாவது வாரத் தொடக்கத்தில் மறையவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு தடவை ஓடினேன். இந்த ஒன்றையாவது தயவுசெய்து செய்யாதீர்கள். ஐப்யூப்ரூஃபன் வகை மாத்திரைகள் உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும், அது ஒருபுறம். நிற்கச் சொல்லி உடம்பு போடும் சத்தத்தை வாயைப் பொத்தி அடக்குவது மறுபுறம். வலி எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சில அடையாளங்கள் உண்டு. எலும்பு நெடுக்க லேசாக வலிப்பது வேறு, ஒரு விரல் நுனியால் அழுத்தினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் உயிர் போவது வேறு. படுத்திருக்கும்போதும் வலிப்பது, அந்தக் காலால் மட்டும் நொண்டிக் குதித்தால் வலிப்பது, இவை வந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றும் வந்தன. அதற்குப் பிறகும் இரண்டு நாள் ஐஸ் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகைக் காயத்தில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று அந்த மருத்துவரே சொல்லி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதில் தெரிந்தது, எலும்பில் விரிசல் விழுவதற்கு முந்தின கட்டம். ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார். மாரத்தானுக்கு இருந்தது 26 நாள். "விரிசலா மாறாம வந்தீங்களே, அதுவே நல்ல நேரம்" என்றார். எனக்கு அது நல்ல நேரமாகத் தோன்றவில்லை. அவர் அறையில் தலையாட்டிவிட்டு, வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

பணம் போன கதையும் இங்கேதான். ஓட முடியாதவர்கள் பதிவை அடுத்த வருஷத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த மாரத்தானின் விதிமுறையில் இருந்தது, ஆனால் 30 நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். நான் நான்கு நாள் பிந்தியிருந்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிய நாள்களும், ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளும் வீணாகாமல் இருந்திருந்தால் மாற்றியிருக்கலாம். நுழைவுக் கட்டணம், ரத்து செய்ய முடியாத விடுதி அறை, பயணச் சீட்டு, தேவையில்லாத ஷூ, பூட்டிக் கிடந்த கூடம், ஸ்கேன், அதன் பிறகு பிசியோதெரபி என்று எல்லாம் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். பதிவு செய்த அன்றைக்கே, தள்ளிவைக்கக் கடைசி நாள் எது, அந்தப் பதிவை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, பணம் திரும்ப வருமா என்று மூன்றையும் பார்த்து நாட்காட்டியில் குறித்துவைத்துவிடுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் ஓர் அலாரம். அந்த வாரத்தில் காலோ மனசோ சந்தேகமாக இருந்தால் நாளை நாளை என்று தள்ளாமல் மாற்றிவிடுவது நல்லது. விடுதி அறையும் ரத்து செய்யக்கூடியதாக, கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

மாரத்தான் அன்றைக்குக் காலையில் அலாரம் இல்லாமலே நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. இருட்டில் படுத்துக்கொண்டு இப்போது வரிசையில் நிற்பார்கள், இப்போது கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எழுந்து, "விடும்மா, அடுத்த வருஷம் இருக்குல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மத்தியானம் வரை அவரிடம் பேசவில்லை.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிற்றெரிச்சல்தான். 1984-ல் எட்வர்ட் காயில் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினால் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். முதல் 21 நாளில் 7 சதவீதம். 56 நாளில் 16 சதவீதம். அடியோடு நிறுத்தியவர்களுக்கே 21 நாளில் 7 சதவீதம்தான். என்னுடையதும் சரியாக 21 நாள், அதிலும் நான் நான்கு தடவை ஓடியிருக்கிறேன். அதாவது, நான் இழந்தது மிகவும் கொஞ்சம். ஒரு வாரம் நிதானமாக ஓடிவிட்டு, அட்டவணையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு தொடர்ந்திருந்தால், நினைத்த நேரத்தைவிட இருபது நிமிஷம் பிந்தியாவது முடித்திருப்பேன். 118 கிலோமீட்டர் யாருக்கும் நான் தர வேண்டிய கடன் இல்லை. அது வெறுமனே நடக்காமல் போன ஒன்று, பெய்யாத மழை மாதிரி. பெய்யாத மழையை அடுத்த வாரம் சேர்த்துப் பெய்ய வைத்தால் வெள்ளம்தான் வரும்.

இன்னொன்றும் படித்தேன். ராபர்ட் ஹிக்சன் என்பவரின் குழு 1980களின் தொடக்கத்தில் செய்தது. பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, வாரத்துக்கு ஆறு நாளிலிருந்து நான்கு நாளாகவும் இரண்டு நாளாகவும் குறைக்கச் சொன்னார்கள். பயிற்சியின் கடுமையை மட்டும் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் அந்த ஆக்சிஜன் உச்ச அளவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பிறகு செய்த இன்னோர் ஆய்வில், கடுமையைக் குறைத்தபோதுதான் சரிந்தது. என் இரண்டாம் வருஷத் திட்டம் முழுக்க இதன் மேல்தான் நின்றது. பண்டிகைக் காலத்தில் முன்னேறத் தேவையில்லை, இருப்பது கரையாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரு நாள் 40 நிமிஷம், அதில் நடுவில் நான்கைந்து தடவை மூன்று நிமிஷம் வேகமாக. இன்னொரு நாள் ஒன்றரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். மூன்றாவது நாள் கிடைத்தால் அது கொசுறு. ஒரே ஓர் எச்சரிக்கை, இந்த வழியில் மூச்சு தங்கும், ஆனால் மூன்று மணி நேரம் காலில் நிற்கும் பழக்கம் தங்காது. அதற்கு லாங் ரன்தான் வேண்டும். அதனால் பெரிய லாங் ரன் ஒன்றை விடுமுறை தொடங்கும் முன்பே முடித்துவிட்டேன். பயிற்சியில் மூன்று வாரம் தூரத்தை ஏற்றி ஒரு வாரம் இறக்குவது பலரும் செய்வதுதான். அந்த இறக்கும் வாரத்தை விருந்தும் கூட்டமும் அதிகமான வாரத்தில் விழும்படி அட்டவணையை நகர்த்தினேன். மாரத்தானையும் விடுமுறை முடிந்து பத்து வாரம் தள்ளி வருவதாகப் பார்த்தே பதிவு செய்தேன். விடுமுறை முடிந்த மறுவாரமே கடைசி லாங் ரன் வருகிற மாதிரி இருந்தால் அந்த மாரத்தானுக்குப் பணமே கட்டாதீர்கள்.

புது இடத்தில் ஓடுவது பற்றி, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு வார்த்தை. நேராகப் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குப் பதில், வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து அதையே சுற்றினேன். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் வாசலில், கழிப்பறை வீட்டில், நாய் துரத்தினாலும் தெரிந்த நாய். போனில் இருக்கும் இடம் அக்காவுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். காதில் பாட்டு ஒரு பக்கம் மட்டும். அக்கா மகள் அப்போது சைக்கிள் பழகியிருந்தாள், கடைசி இரண்டு சுற்றுக்கு எழுந்து வந்து கூடவே ஓட்டுவாள். அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் அதிகம். அந்த வாட்சைவிட அவள் துல்லியம்.

மனசு சுத்தமாக வராத நாளும் உண்டு. அதற்குப் பத்து நிமிஷ ஒப்பந்தம் வைத்திருந்தேன். பத்து நிமிஷம் ஓடு, பிடிக்கவில்லையென்றால் திரும்பி வா, யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் திரும்பி வந்தேன். அன்றைக்கு முந்தின ராத்திரி இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம், கால் எழும்பவே இல்லை. தூங்காத ராத்திரிக்கு மறுநாள் வேக ஓட்டம் வைக்காதீர்கள், மெதுவாக ஓடலாம், இல்லை தூங்கலாம். ஊக்கத்துக்கென்று வேறு எதுவும் செய்யவில்லை. ஆபீசில் ஒரு தோழியோடு மட்டும் ஓர் ஏற்பாடு, ஓடி முடித்ததும் அவளுக்கு ஒரு டிக் அனுப்புவேன், அவளும் அனுப்புவாள். அவள் ஓடுபவள் இல்லை, நீச்சல் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒப்பிட எதுவும் இல்லாததால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

அந்த வருஷமும் விட்டுப்போன ஓட்டங்கள் இருந்தன. மூன்று. அட்டவணையை ஒட்டும்போதே அந்த மூன்று வாரத்தில் சில கட்டங்களை வெள்ளையாக விட்டு, கலர் பென்சில் டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இம்முறை நாய்க்குட்டி வரைந்தாள்.

மாரத்தான் எப்படிப் போனது என்று நீட்டவில்லை. 33 கிலோமீட்டர் வரை நன்றாகப் போனது, பிறகு பலருக்கும் ஆவது எனக்கும் ஆனது, சக்தி தீர்ந்து பாதி ஓட்டம் பாதி நடை. காலெலும்பு ஒரு வார்த்தை பேசவில்லை. 40 கிலோமீட்டர்ப் பலகையைப் பார்த்தபோது, 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர்தான், அப்போது பிறந்திருந்தால் இந்நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து தொடங்கி அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்ததால்தான் 42.195 வந்தது, 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்த இரண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு அவர்கள் எல்லோரையும் மனசாரத் திட்டிக்கொண்டே போய் முடித்தேன். 5 மணி 11 நிமிடம்.

அக்கா போனில் அழைத்தாள். எடுத்தவள் அவள் மகள். "சித்தி, எத்தனாவதா வந்தீங்க?"

"ஆயிரத்துச் சொச்சம் பேருக்குப் பின்னாடிடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ உங்களுக்குப் பின்னாடி யாராச்சும் துரத்திக்கிட்டு வந்தாங்களா?" என்றாள். பின்னாலிருந்து மாமா சிரிக்கும் சத்தம் கேட்டது.